லேப் எலிக் கூண்டுல என்ரிச்மென்ட் வெச்சா டேட்டா கெட்டுடுமா?

பிபெட்காரி:

வணக்கம் மக்களே. நான் ஒரு நியூரோ லேப்ல பிஹெச்டி பண்றேன், பிளாக் சிக்ஸ்ங்கற லேப் வகை சுண்டெலி வெச்சு பிஹேவியர் எக்ஸ்பெரிமென்ட். சீனியர் ஒருத்தர் முடிச்சிட்டுப் போனதுல அவரோட ரேட் (சுண்டெலியை விடப் பெரிய லேப் எலி) காலனியும் இப்ப என் பொறுப்புக்கு வந்திருக்கு. எங்க கூண்டு சாதாரண பிளாஸ்டிக் பாக்ஸ்தான், அடியில மரச்சீவல், மேல கம்பி மூடி, அதுலயே தீவனம், தண்ணி பாட்டில், அவ்வளவுதான், உள்ள வேற ஒண்ணுமே கிடையாது.

பகல்ல போனா எல்லாம் மூலைல ஒண்ணு மேல ஒண்ணு படுத்து தூங்கிட்டு இருக்கும், ஒரு குறையும் தெரியாது. ஒரு டெஸ்டுக்காக லைட் ஆஃப் ஆன பிறகு சிவப்பு லைட் போட்டுட்டு ரூம்ல உட்கார வேண்டி வந்துச்சு, அப்பதான் பாத்தேன். ஒண்ணு மூடிக் கம்பில தலைகீழா தொங்கிக்கிட்டு ஒரே கம்பியை அதே இடத்துல விடாம கடிச்சுக்கிட்டே இருக்கு. பக்கத்து கூண்டுல ஒண்ணு மூலைல எகிறிக் குட்டிக்கரணம் போடுது, விழுது, எந்திரிக்குது, மறுபடி அதே இடத்துல அதே குட்டிக்கரணம். நான் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அது நிக்கவே இல்ல. மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு, பாத்துட்டு சும்மா வர முடியல.

கைடு கிட்ட பேசினேன். கூண்டுல என்ரிச்மென்ட், அதாவது அதுங்களோட இயல்புக்கு ஏத்த மாதிரி கூடு கட்ட, ஒளிய, கடிக்க ஏதாவது வெக்கலாமா சார்னு கேட்டேன். அவர் கெட்டவர்லாம் இல்ல, ஆனா இத்தனை வருஷ டேட்டாவும் வெறும் கூண்டுல எடுத்தது, இப்ப உள்ள பொருளைப் போட்டா ஒவ்வொரு எலியும் ஒவ்வொரு விதமா நடந்துக்கும், வேரியபிலிட்டி ஏறும், அப்புறம் எண்ணிக்கையைக் கூட்டணும், அது மட்டும் விலங்குகளுக்கு நல்லதான்னு திருப்பிக் கேக்கறாரு. எனக்கு பதில் தெரியல.

அதனால இங்க கேக்கறேன். குறைஞ்சபட்சமா என்ன வெக்கணும், எதை வெச்சா உண்மையிலேயே அதுங்களுக்கு நல்லது, எது நம்ம கண்ணுக்கு மட்டும் அழகு? ஆண் சுண்டெலிங்க ஏற்கனவே அப்பப்ப சண்டை போடுது, உள்ள பொருள் வெச்சா அதுக்காக இன்னும் அடிச்சுக்குமோன்னும் பயம். டேட்டா கெட்டுடும்ங்கற விஷயத்துக்கு என்ன பதில்?

அனிமல்ஹவுஸ்_டாக்டர்:

வணக்கம்மா. நான் வெட்டரினரி டாக்டர், அனிமல் ஹவுஸ் வேலைதான் ரொம்ப வருஷமா. நீங்க ராத்திரில போய்ப் பாத்ததே பெரிய விஷயம், இந்தப் பிராணிங்க முழிச்சிருக்கிற நேரத்துல நாம யாரும் அங்க இருக்கறதில்ல, அதனாலதான் பல பேர் எங்க எலிங்க நல்லா அமைதியா இருக்குன்னு நம்பிக்கிட்டு இருக்காங்க.

நீங்க பாத்த மாதிரி ஒரே அசைவை அர்த்தமில்லாம திரும்பத் திரும்ப செய்யறதுக்கு ஸ்டீரியோடைப்பின்னு பேரு. கம்பியைக் கடிக்கிறது பல்லு தேய்க்கத்தான்னு அனிமல் ஹவுஸ்ல வழக்கமா சொல்வாங்க, நம்பாதீங்க. கவனிச்சுப் பாத்தவங்க கண்டது, அது வெளிய போறதுக்கான முயற்சியா ஆரம்பிக்குது, குட்டியா இருக்கும்போது மூடி இருக்கிற பக்கம் ஏறி மோந்து பாத்து கடிச்சுப் பாக்கும், வழி கிடைக்காது, நாளாக நாளாக அதே அசைவு இறுகிப் போயிடும். ஒருதடவை நல்லா பதிஞ்சிடுச்சுன்னா அப்புறம் கூண்டை மாத்தினாலும் முழுசா போறது கஷ்டம். அதனால தாய்கிட்ட இருந்து பிரிக்கிற நாள்ல இருந்தே, முடிஞ்சா அதுக்கும் முன்னாடி பிரீடிங் கூண்டுல இருந்தே, சரியான கூண்டு கொடுக்கணும்.

சுண்டெலிக்கு ஒரே ஒரு பொருள்தான் வெக்க முடியும்னா கண்ணை மூடிக்கிட்டு கூடு கட்டற பொருள் வைங்க. பொம்மை, ஏணி, சக்கரம் எல்லாம் அப்புறம். ஏன்னு சொல்றேன். நம்ம ரூமெல்லாம் 20ல இருந்து 24 டிகிரிக்குள்ளதான் இருக்கும், கோட்டும் கிளவுஸும் போட்டுக்கிட்டு வேலை செய்யற நமக்கு அது சுகம். சுண்டெலி கூடுதலா சக்தி செலவு பண்ணாம இருக்கறதுக்கு 30 டிகிரி பக்கத்துல வேணும். உடம்பு சின்னது, எடைக்குத் தோல் பரப்பு அதிகம், சூடு வேகமா போயிடும். ஏசி ரூம்ல போர்வை இல்லாம வாழ்நாள் முழுக்க படுத்திருக்கிற மாதிரிதான் அதோட நிலைமை, திங்கறதுல பெரிய பங்கு உடம்பை சூடா வெச்சுக்கவே போயிடுது. ரூம் வெப்பத்தை ஏத்தினா நமக்கும் கஷ்டம், அதுங்களுக்கும் ஓடியாடற நேரத்துல ஒரு வெப்பம், தூங்கற நேரத்துல ஒரு வெப்பம் வேணும். கூடு இருந்தா அதுங்களே பாத்துக்கும்.

அளவு முக்கியம். பேருக்கு ஒரு சின்ன டிஷ்யூ போட்டுட்டு என்ரிச்மென்ட் கொடுத்தாச்சுன்னு ரெஜிஸ்டர்ல எழுதறது பிரயோஜனம் இல்ல, 8ல இருந்து 10 கிராம் வரைக்கும் கொடுத்தாத்தான் சுத்தி சுவர் எழுப்பி மேலயும் மூடற கூடு கட்ட முடியும். நீளமா சுருள் சுருளா வெட்டின காகிதப் பட்டையும் கொஞ்சம் மெத்துன்னு டிஷ்யூவும் கலந்து கொடுங்க, நீளப் பட்டை கூட்டோட வெளிச்சுவருக்கு, மெத்துன்னு இருக்கறது உள்பக்கத்துக்கு. அது கட்டறதை ஒருநாள் உட்கார்ந்து பாருங்க. பட்டையை வாய்ல கவ்வி மூலைக்கு இழுத்துட்டுப் போகும், முன்னங்கால் ரெண்டுலயும் பிடிச்சுக்கிட்டு பல்லால நீளவாக்குல கிழிக்கும், கிழிச்சதைத் தன்னைச் சுத்தி அடுக்கி நடுவுல உட்கார்ந்து சுத்தி சுத்தி வந்து முதுகாலயே சுவரைத் தள்ளி வட்டமாக்கும், கடைசில மேல இருந்து ஒரு துண்டை இழுத்து வாசலை அடைச்சிட்டு உள்ள போயிடும். எத்தனையோ தலைமுறையா லேப்லயே பிறந்து வளர்ந்த ஸ்ட்ரெய்ன் (மரபு வகை), ஆனாலும் கை மறக்கல.

இன்னொரு லாபம் இருக்கு. கூடு இருந்தா உங்களுக்கு ஒரு ஹெல்த் செக் கிடைச்ச மாதிரி. ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் கூடு கலைஞ்சு கிடந்தாலோ புதுசா போட்ட காகிதம் தொடாம அப்படியே இருந்தாலோ வலி இருக்குன்னு சந்தேகப்படணும், வலி மருந்து அளவைப் பாக்கணும். வெறும் கூண்டுல இந்த அடையாளமே கிடைக்காது, சுண்டெலி இரை விலங்கு, வலியை வெளில காட்டாது.

ஆண் சண்டை பத்தி தனியா எழுதறேன், இப்ப ரவுண்ட்ஸ் போகணும்.

ஸ்டாட்ஸ்_செல்வி:

கைடு சொன்ன வேரியபிலிட்டி விஷயத்துக்கு நான் வர்றேன், ஏன்னா இந்த ஒரு வாதத்தைச் சொல்லித்தான் எல்லா லேப்லயும் கதவைச் சாத்தறாங்க.

அவரோட பயம் நியாயமான பயம், ஆனா இது ஏற்கனவே டெஸ்ட் பண்ணிப் பாத்த விஷயம். 2004ல நேச்சர் இதழ்ல ஒரு பேப்பர் வந்துச்சு, வொல்ஃபர், வுர்பெல் இவங்க குரூப். மூணு வெவ்வேறு லேப்ல சாதா கூண்டுல ஒரு செட், வசதி பண்ணின கூண்டுல ஒரு செட் சுண்டெலி வெச்சு வழக்கமான பிஹேவியர் டெஸ்ட் எல்லாம் பண்ணாங்க. என்ரிச்மென்ட் கொடுத்ததால தனித்தனி எலிக்கு நடுவுல இருக்கிற வேரியேஷன் கூடல, லேபுக்கு லேப் முரணான ரிசல்ட் வர்ற ஆபத்தும் ஏறல. இதை பிரின்ட் எடுத்து கைடு டேபிள்ல வைங்க.

அதுக்கு முன்னாடி 1999ல சயின்ஸ் இதழ்ல கிராப் குரூப்போட பேப்பர் வந்துச்சு, அதையும் சேர்த்துப் படிங்க. மூணு ஊர்ல மூணு லேப், ஒரே ஸ்ட்ரெய்ன்கள், ஒரே மாதிரி கருவி, ஒரே மாதிரி தீவனம், டெஸ்ட் தொடங்கற நேரம் வரைக்கும் ஒண்ணா வெச்சாங்க, அப்படியும் சில டெஸ்ட்ல லேபுக்கு லேப் ரிசல்ட் வேற வேற. ஆக, கூண்டைக் காலியா வெச்சா எல்லாம் ஸ்டாண்டர்டா இருக்கும்ங்கறது நடைமுறைல நிக்கல. யார் தூக்கறாங்க, என்ன வாசம், எவ்வளவு சத்தம்னு நூறு விஷயம் உள்ள வந்துக்கிட்டேதான் இருக்கு.

என்னோட பெரிய கேள்வி இதுதான், வெறும் கூண்டுல இருக்கிற எலியை நாம எதுக்கு நார்மல்னு எடுத்துக்கறோம்? 1947லயே டொனால்ட் ஹெப் எழுதிட்டாரு, வீட்டுல செல்லப்பிராணி மாதிரி வளர்ந்த எலிங்க லேப் கூண்டுல வளர்ந்ததை விட புதிர் பாதைல நல்லா பண்ணுச்சுன்னு. அப்புறம் 1960கள்ல பெர்க்லில ரோசன்ஸ்வைக், மரியன் டயமண்ட் இவங்கல்லாம் மூளையையே அளந்து பாத்தாங்க, வசதியான இடத்துல கூட்டாளிகளோட வளர்ந்த எலிக்கு மூளையோட மேலடுக்கான கார்டெக்ஸ் தடிமனா இருந்துச்சு. 1997ல கெம்பர்மேன், கேஜ் குரூப், ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ்ங்கற மூளைப் பகுதில புது நியூரான் கூடுதலா தங்குதுன்னு காட்டினாங்க. 2000ல வந்த இன்னொரு பேப்பர்ல ஹன்டிங்டன் நோய் ஜீன் இருக்கிற சுண்டெலிக்கு என்ரிச்மென்ட் கொடுத்தாலே அசைவுக் கோளாறு தொடங்கறது தள்ளிப்போச்சு. இதையெல்லாம் என்ரிச்மென்ட்டோட மகிமைன்னு ஒரு பக்கமா மட்டும் படிக்கறாங்க, எனக்கு இது வேற மாதிரி தெரியுது, வெறும் கூண்டு மூளையையும் நோயையும் எந்த அளவுக்கு மாத்தி வெச்சிருக்குங்கறதுக்கான ஆதாரம் இது. 2022ல பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்ட ஒரு பெரிய மெட்டா அனாலிசிஸ் வந்துச்சு, சாதா கூண்டுல இருக்கிற எலி, சுண்டெலிங்களுக்கு ஸ்ட்ரெஸ்ஸோட தொடர்புள்ள நோய்கள் தீவிரமா இருக்கு, சாவும் கூடுதல்னு. அப்ப நாம மருந்தை டெஸ்ட் பண்றது ஏற்கனவே பாதி நொந்து போன உடம்புல.

நீங்க நியூரோ லேப் வேற. மூலைல குட்டிக்கரணம் போட்டுக்கிட்டே இருக்கிற சுண்டெலியை எடுத்து மேஸ்ல (புதிர் பாதைல) விட்டு ஞாபக சக்தி அளந்தா அந்த நம்பர் எதோட நம்பர்? இதை கைடு கிட்ட கேளுங்க, கோவமா இல்லாம, நிஜமான கேள்வியா கேளுங்க.

டாக்ஸ்_ரூம்:

மேல சொன்னதுல பெரும்பாலும் எனக்கு சம்மதம்தான். ஆனா ஒண்ணு அழுத்திச் சொல்லணும், வேரியேஷன் ஏறாதுங்கறது வேற, ரிசல்ட் மாறாதுங்கறது வேற. சராசரி மாறும், சில விஷயத்துல நல்லாவே மாறும். வசதியான கூண்டுல வளர்ந்த எலி போதைப்பொருளை தானா எடுத்துக்கற டெஸ்ட்ல குறைவா எடுத்துக்குது, ஸ்ட்ரெஸ் ரெஸ்பான்ஸ் வேற, கத்துக்கற வேகம் வேற. மேல செல்வி சொன்ன ஆதாரமெல்லாம் அதைத்தானே காட்டுது. அதனால கைடு பழைய டேட்டாவோட ஒப்பிட முடியாதுன்னு சொல்றதுல நியாயம் இருக்கு, அதை ஒதுக்கிட்டுப் போனா அவர் காது கொடுத்துக் கேக்க மாட்டாரு.

நான் டாக்சிகாலஜில (நச்சுத்தன்மை ஆய்வுல) இருக்கேன், எங்களுக்கு பழைய கன்ட்ரோல் டேட்டா, அதாவது மருந்து கொடுக்காத ஒப்பீட்டுக் குரூப்போட டேட்டா, உயிர் மாதிரி. நாங்க மாத்தினப்ப எப்படின்னா, ஓடிக்கிட்டிருக்கிற ஸ்டடியைத் தொடவே இல்ல, ஒரு ஸ்டடி முடிஞ்சு அடுத்தது தொடங்கற இடத்துல எல்லா குரூப்புக்கும் ஒரே நாள்ல ஒரே பொருளைக் கொடுத்தோம், கன்ட்ரோல் குரூப்புக்கும் சேர்த்து. பாதி கூண்டுக்கு வெச்சுப் பாக்கலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, அதுதான் உண்மையிலேயே டேட்டாவைக் கெடுக்கும். என்ன பொருள், எத்தனை கிராம், எப்ப மாத்தினோம் எல்லாத்தையும் மெத்தட்ஸ்ல எழுதணும், விலங்கு ஆராய்ச்சியைப் பேப்பர்ல எப்படி எழுதணும்னு சொல்ற அரைவ் கைட்லைன்லயே கூண்டு, பராமரிப்பு விவரம் கேக்கறாங்க.

அப்புறம் பொருள் பத்தி. உள்ள போடற எதையும் அது கடிக்கும், கடிச்சதைக் கொஞ்சம் முழுங்கும், அதை மனசுல வெச்சுக்கிட்டு வாங்குங்க. கண்ட மரத்துண்டு வேண்டாம், பிசின் அதிகமா இருக்கிற பைன், சீடர் மாதிரி மரம் கல்லீரல் என்சைமை மாத்திடும், பதப்படுத்தாத ஆஸ்பென் மரம் நல்லது. அச்சடிச்ச காகிதம், பசை தடவின அட்டை வேண்டாம். எதுவா இருந்தாலும் ஆட்டோகிளேவ்ல (நீராவில கிருமி நீக்கற கருவில) தாங்குமான்னு முதல்ல ஒரு லோடு போட்டுப் பாருங்க. முடியில்லாத நியூட் சுண்டெலி வெச்சிருக்கறவங்க பஞ்சு மாதிரி நார் விடற பொருளைத் தவிர்க்கணும், அதுங்களுக்கு இமை முடி கிடையாது, நார் கண்ணுக்குள்ள போய் கண் வீங்கிடும், காகிதப் பட்டைதான் பாதுகாப்பு. குட்டி இருக்கிற கூண்டுலயும் நீள நூல் விடற பஞ்சு வேண்டாம், காலைச் சுத்திக்கும்.

ஓடற சக்கரம் பத்தி யாரும் சொல்லல. சுண்டெலிக்கு அது ரொம்பப் பிடிக்கும், சந்தேகமே இல்ல, வெளிக்காட்டுல ஒரு சக்கரத்தை சும்மா வெச்சுப் பாத்தாங்க, காட்டு சுண்டெலிங்களே தானா வந்து ஏறி ஓடுச்சு, 2014ல வந்த பேப்பர். ஆனா ஓட்டம் மட்டுமே ஹிப்போகேம்பஸ்ல புது நியூரானைக் கூட்டும், எடை, சர்க்கரை எல்லாத்தையும் மாத்தும். நியூரோ லேப்ல அதை டீஃபால்ட்டா வெக்கறதுக்கு முன்னாடி நல்லா யோசிங்க. கூடும் மறைவிடமும் வேற கணக்கு.

எலிவளை:

ரேட் பத்தி யாரும் பேசல, நான் பேசறேன். சுண்டெலிக்கு சொன்னதை அப்படியே பெருசு பண்ணி ரேட்டுக்குப் போட்டா பொருந்தாது, ரெண்டும் வேற வேற பிராணி.

ரேட்டுக்கு முதல் தேவை கூட்டாளி. தனியா வெக்காதீங்க, எக்ஸ்பெரிமென்ட்டுக்கு தனியாத்தான் வெக்கணும்னு யாராவது சொன்னா நிஜமாவே தேவையான்னு எத்திக்ஸ் கமிட்டி கேக்கணும். ரெண்டாவது உயரம். ஸ்டாண்டர்ட் ரேட் கூண்டுக்குக் குறைஞ்சபட்ச உயரம் 18 சென்டிமீட்டர் பக்கம்தான், வளர்ந்த ரேட் பின்னங்கால்ல நிமிர்ந்து நின்னா தலை இடிக்கும், வாழ்நாள்ல ஒருதடவை கூட முழுசா நிமிர்ந்து நிக்க முடியாது. 2016ல மகோவ்ஸ்கா, வியரி ரெண்டு பேரும் இதைத்தான் பாத்தாங்க, மண்ணு, பல அடுக்கு, ஏறி இறங்க வசதின்னு பெரிய கூண்டுல ஒரு செட், சாதா கூண்டுல ஒரு செட். பெரிய கூண்டுல இருந்ததுங்க தினமும் நிமிர்ந்து நின்னுச்சு, ஏறுச்சு, வயசாகி ஏறறது குறைஞ்ச பிறகும் வளை தோண்டறதை விடல. சாதா கூண்டுல இருந்ததுங்க என்ன பண்ணுச்சுன்னா, அடிக்கடி படுக்கைவாக்குல உடம்பை நீட்டி நீட்டி சோம்பல் முறிச்சுக்கிட்டே இருந்துச்சு, வயசு ஏற ஏற அது இன்னும் கூடிச்சு. நிமிர முடியாததுக்கு உடம்பு தேடிக்கிட்ட வழின்னு அவங்க நினைக்கறாங்க. அதைப் படிச்சதுல இருந்து எந்த ரேட் கூண்டைப் பாத்தாலும் என் கண்ணு முதல்ல மூடி உயரத்துக்குத்தான் போகுது.

எல்லா கூண்டையும் மாத்த யார்கிட்டயும் காசு இருக்காது, புரியுது. அதுக்கு ஒரு வழி, ஒரு பெரிய விளையாட்டுக் கூண்டு மட்டும் ரெடி பண்ணுங்க, அடுக்கு, கயிறு, குழாய், தோண்டறதுக்கு ஒரு தட்டுல மண் அல்லது காகித உருண்டை, ஒவ்வொரு கூண்டுக் கூட்டத்தையும் முறை போட்டு கொஞ்ச நேரம் அதுல விடுங்க. ஒரு கூட்டத்தையும் இன்னொரு கூட்டத்தையும் கலக்க வேண்டாம். கொண்டு போற டப்பாவைப் பாத்ததுமே வாசல்ல வந்து நிக்க ஆரம்பிச்சிடும். வீட்டுக் கூண்டுக்குள்ள கடிக்கறதுக்கு ஆஸ்பென் கட்டை, முன்பல் சாகற வரைக்கும் வளர்ந்துக்கிட்டே இருக்கும், அப்புறம் இருட்டா ஒரு மறைவிடம். வெள்ளை ரேட்டுக்கு மறைவிடம் ஆடம்பரமே இல்ல, வெளிச்சம் அதிகமானா அதுங்களோட ரெட்டினாவே பாழாயிடும். சிவப்பு பிளாஸ்டிக் வீடு நல்லது, ரேட்டுக்கும் சுண்டெலிக்கும் சிவப்பு சரியா தெரியாது, அதுங்களுக்கு உள்ள இருட்டு, நமக்கு வெளில இருந்து எல்லாம் தெரியும், தொந்தரவு பண்ணாம எண்ணிப் பாத்துடலாம்.

கூடு கட்டற பொருள் ரேட்டுக்கும் கொடுக்கலாம், ஆனா சின்ன வயசுல பழகாத ரேட் அதை என்ன பண்றதுன்னு தெரியாம திங்கவோ மிதிக்கவோ செய்யும். குட்டில இருந்தே கொடுங்க.

நீங்களும் ஒரு என்ரிச்மென்ட்தான், அதை மறந்துடாதீங்க. ரேட் சந்தோஷத்துல 50 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல சத்தம் போடும், பயம், வேதனைன்னா 22 பக்கம், 50 நம்ம காதுக்கு சுத்தமா எட்டாது. கழுத்துப் பின்பக்கமும் வயித்துலயும் விரலால கிச்சுகிச்சு மூட்டினா 50ல சத்தம் போட்டுக்கிட்டு கையைத் துரத்தி வரும், பாங்க்செப் குரூப் கண்டுபிடிச்சது. ஊசி போடறதுக்கு முன்னாடி சில நாள் இப்படிப் பழக்கினா அதுங்களுக்கும் பயம் குறையும், உங்களுக்கும் வேலை சுலபம்.

சுண்டெலிக்கு கிச்சுகிச்சு வேண்டாம், ஆனா வாலைப் பிடிச்சுத் தூக்கறதை நிறுத்துங்க. 2010ல ஹர்ஸ்ட், வெஸ்ட் பேப்பர், வாலைப் பிடிச்சுத் தூக்கின சுண்டெலி மனுஷக் கையைக் கண்டா ஒதுங்கும், பதட்டம் கூடும், குழாய்லயோ ரெண்டு கையைக் குவிச்சோ தூக்கினது தானா கைகிட்ட வரும். கூண்டுலயே ஒரு ட்யூப் போட்டு வெச்சீங்கன்னா அது மறைவிடமும் ஆச்சு, தூக்கற கருவியும் ஆச்சு. பிஹேவியர் டெஸ்ட் பண்றவங்க இதை மாத்தாம வேரியபிலிட்டி பத்திப் பேசறதுல எனக்கு உடன்பாடே இல்ல.

பிபெட்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. டாக்ஸ்_ரூம் சொன்ன மாதிரி புது பேட்ச்ல இருந்து எல்லா கூண்டுக்கும் ஒரே மாதிரின்னு எடுத்துக்கிட்டுப் போய் சார்கிட்ட பேசினேன், அந்த நேச்சர் பேப்பரையும் கொடுத்தேன். உடனே சரின்னு சொல்லல, ஆனா அடுத்த பேட்ச் குட்டி பிரிக்கும்போது கூடு கட்டற காகிதமும் ட்யூபும் வெச்சு ஒரு பைலட் பாக்கலாம்னு சொல்லிட்டாரு. எத்திக்ஸ் கமிட்டிக்கு திருத்தம் எழுதிக்கிட்டு இருக்கேன், விலங்கு ஆராய்ச்சிக்கு ரஸ்ஸல், பர்ச் 1959ல சொன்ன மூணு ஆர்ல (ரீப்ளேஸ்மென்ட், ரிடக்‌ஷன், ரிஃபைன்மென்ட்) வேதனையைக் குறைக்கிற ரிஃபைன்மென்ட் தலைப்புக்குக் கீழ போட்டேன்.

டாக்டர் சார், அந்த ஆண் சண்டை விஷயம் மட்டும் இன்னும் பயமா இருக்கு. அப்புறம் பைலட்ல நான் எதை அளக்கணும்? சார் நம்பர் கேப்பாரு.

அனிமல்ஹவுஸ்_டாக்டர்:

நல்ல செய்திம்மா, சந்தோஷம்.

ஆண் சுண்டெலி விஷயத்துல பயம் சரியான பயம். ஒரே ஈத்துல பிறந்த ஆண்களை பிரிக்கும்போதே ஒண்ணா போட்டுடுங்க, நடுவுல கூட்டம் கலைக்காதீங்க, பிரீடிங்குக்கு எடுத்த ஆணைத் திரும்பப் பழைய கூண்டுல விடவே கூடாது. பால்ப்-சி, எஸ்ஜேஎல் மாதிரி ஸ்ட்ரெய்ன் கூடுதலா சண்டை போடும், உங்க பிளாக் சிக்ஸ் அந்த அளவுக்கு இல்ல. பெரும்பாலான சண்டை கூண்டு மாத்தின உடனே நடக்கும், அந்த இடத்துல ஒரு சின்ன வேலை பண்ணுங்க, பழைய கூட்டை, மூத்திரம் படாத காய்ஞ்ச பகுதியா பாத்து எடுத்து புதுக் கூண்டுல வைங்க, கூட்டுல இருக்கிற வாசம் அமைதிப்படுத்தும். பழைய மரச்சீவலை மட்டும் அள்ளிப் போட்டுடாதீங்க, அதுல இருக்கிற மூத்திர வாசம் சண்டையைக் கிளப்பும், வான் லூ குரூப் ரெண்டையும் தனித்தனியா பாத்து எழுதியிருக்காங்க.

சண்டையை ஏத்தற பொருள் உண்டு, ஒரே வாசல் இருக்கிற கெட்டி வீடுதான் முக்கியமா. ஒருத்தன் வாசல்ல உட்கார்ந்துடுவான், மத்தவங்க உள்ள போக முடியாது. ரெண்டு பக்கமும் திறந்த ட்யூப் வைங்க, துரத்தினா மறுபக்கமா ஓடிடலாம். கூடு கட்டற காகிதத்துக்கு இந்தப் பிரச்சினை இல்ல, எல்லாரும் சேர்ந்து கட்டி ஒண்ணாப் படுத்துப்பாங்க. வால் அடி, முதுகுப் பின்பக்கம் கடிக்காயம் இருக்கான்னு கூண்டு மாத்தின மறுநாள் பாருங்க, காயம் திரும்பத் திரும்ப வந்தா யார் கடிக்கறான்னு கண்டுபிடிச்சு அவனை எடுத்துடுங்க.

அளக்கறதுக்கு. கூடு ஸ்கோர் 1ல இருந்து 5 வரை, 1ன்னா காகிதம் தொடாம கிடக்கு, 3ன்னா கிண்ணம் மாதிரி, 5ன்னா மேல மூடின முழு உருண்டை, நடுவுல இருந்தா அரை மதிப்பெண் போடலாம். சாயங்காலம் காகிதம் போட்டுட்டு மறுநாள் காலைல, யாரும் கூண்டைத் தொடறதுக்கு முன்னாடி, மேல இருந்து ஒரு போட்டோ, பக்கவாட்டுல ஒரு போட்டோ எடுங்க, பொருளும் வெளிச்சமும் எல்லா கூண்டுக்கும் ஒண்ணா இருக்கட்டும். ஸ்கோர் போடறவங்களுக்கு எந்தக் கூண்டு எதுன்னு தெரியக் கூடாது, வேற லேப் ஆளைக் கேளுங்க. அதோட லைட் ஆஃப் ஆன பிறகு சிவப்பு லைட்ல வீடியோ ஓட விட்டு கம்பி கடிக்கிற நேரத்தையும் குட்டிக்கரணத்தையும் கணக்கெடுங்க, நீங்க முதல்ல பாத்ததுக்கான பதில் அதுல கிடைக்கும். வாராவாரம் எடை, தீவனம் எவ்வளவு குறையுதுன்னும் எழுதுங்க, கூடு நல்லா இருந்தா அதே எடைக்குத் தீவனம் குறைய வாய்ப்பு இருக்கு, அந்த நம்பர் உங்க சாருக்குப் பிடிக்கும்.

பழைய கூண்டுல இப்ப இருக்கிறதுங்களையும் விட்டுடாதீங்க. எக்ஸ்பெரிமென்ட் முடிஞ்சதும், பிரீடிங்ல இருக்கறதும் இன்னைக்கே காகிதம் வாங்கிக்கலாம், அதுக்கு பைலட் முடியற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.